வெள்ளைச் சட்டையில் ஆறு நிறங்கள்

என் தம்பி யுகேந்திரன் எங்கள் வீட்டில் கடைசியாகச் செய்த வேலை, தன் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டது. மதியம் மூன்றரை மணி இருக்கும். கட்டில்மேல் போர்வையை நாலாக மடித்துப் போட்டு, அதன்மேல் சட்டையை விரித்து, காலரிலிருந்து ஆரம்பித்தான். என் இரண்டு கைகளிலும் முழங்கை வரை மருதாணி. முதலில் கை, பிறகு முதுகு, கடைசியில்தான் முன்பக்கம் என்று உட்கார்ந்த இடத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தேன். "கல்யாணப் பொண்ணு வாயை மூடிட்டு உக்காரு" என்றான். கஞ்சி கொஞ்சம் அதிகமாகிவிட்டது. தோளைப் பிடித்துத் தூக்கியபோது சட்டை ஆள் இல்லாமலே விறைப்பாக நின்றது. அதன் கைகளைக் குவித்து எனக்கு ஒரு கும்பிடு போடவைத்து, "வாங்க வாங்க, சாப்டுட்டுத்தான் போவோணும்" என்று துரைசாமி மாமாவின் குரலில் சொன்னான். அசல் மாமாவேதான். எனக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. துடைக்கக் கை இல்லை. அவன்தான் தன் பனியன் நுனியால் துடைத்துவிட்டான்.

அன்று ஜூன் ஒன்று. மறுநாள் காலை எனக்குக் கல்யாணம். வரவேற்பு அதற்கு முன்பே, அன்று மாலையே.

நான் என்ன வேலை செய்தேன் என்பதைச் சொன்னால்தான் மற்றது புரியும். கோயம்புத்தூர் சரவணம்பட்டியில் விளம்பரப் பலகை தயாரிக்கும் ஒரு கம்பெனியில் இருந்தேன். சாதாரணப் பலகை இல்லை. மேலே லட்சக்கணக்கான சிறு கண்ணாடி வில்லைகள் இருக்கும். ஒவ்வொரு வில்லையும் ஒவ்வொரு திசைக்கு வேறு வேறு ஒளியை அனுப்பும். தெருவில் நூறு பேர் நின்று அண்ணாந்து பார்த்தால், நூறு பேருக்கும் நூறு படம் காட்ட முடியும். யாருக்கு எதைக் காட்டுவது என்பதை அவரவர் கைப்பேசி சொல்லிவிடும். எதை நின்று பார்த்தார், எதை உடனே தள்ளினார் என்று அதற்குத்தான் தெரியும்.

எங்களிடம் வந்த முதல் பெரிய வாடிக்கையாளர் மாக்கல் என்ற வெட் கிரைண்டர் கம்பெனி. அவர்களுக்கு வெளிநாட்டு முதலீடு வர இருந்தது. முதலீடு செய்கிறவர்கள் ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள். ஜூன் மாதம் முழுக்க கம்பெனி சின்னம் வானவில் நிறத்தில் இருக்க வேண்டும். தன்பாலினத்தாருக்கும் திருநர்களுக்கும் ஆதரவு தருகிற நிறுவனம் என்று வெளியே தெரிய வேண்டும். மாக்கல் முதலாளிக்கு எழுபது வயது. மாதிரிப் படத்தை எங்கள் தலைமை அதிகாரி ஷெரின் மேடம் காட்டியபோது அவர் விரல் விட்டு எண்ணினார்.

"வானவில்லுக்கு ஏழு கலருங்க. ஒண்ணு விட்டுப்போச்சு."

"இந்தக் கொடிக்கு ஆறுதான் சார்."

"அந்த வெளிநாட்டுக்காரங்க எண்ணிப் பாப்பாங்களா?"

"பாப்பாங்க சார்."

"அப்ப ஆறே இருக்கட்டும். ஆனா நம்ம ஈரோட்டு டீலரு, தாராபுரத்து டீலரு, ஒருத்தன் கண்ணுலயும் இது படக் கூடாது. அதுக்குத்தான் உங்ககிட்ட வந்தது."

அதற்குத்தான் வந்தார். அதைத்தான் நாங்கள் செய்து கொடுத்தோம். ஒவ்வொருவருக்கும் பூஜ்யத்திலிருந்து நூறு வரை ஓர் எண். அறுபதுக்கு மேல் இருந்தால் பலகை வானவில்லாகத் தெரியும். கீழே இருந்தால் எப்போதும்போல் கறுப்புப் பின்னணியில் பச்சை எழுத்து. வேண்டியவர்களுக்கு ஆதரவு, வேண்டாதவர்களுக்குத் தொந்தரவு இல்லை. அன்றைக்கு இதில் எனக்கு எந்தத் தப்பும் தெரியவில்லை. நல்ல யோசனை என்றுகூட நினைத்தேன். அதற்குக் காரணம் யுகி.

யுகி ஆறு வருடத்துக்கு முன் என்னிடம் சொல்லியிருந்தான். என்னிடம் மட்டும். அப்பாவின் மோட்டார் ரீவைண்டிங் பட்டறையில் செம்புக் கம்பி சுற்றிக்கொண்டே, தலையைத் தூக்காமல், இன்றைக்குச் சாப்பாடு என்ன என்று கேட்பதைப்போல, தனக்கு ஆண்களைத்தான் பிடிக்கிறது என்றான். அதிலிருந்து அது எங்கள் இருவருக்குள் மட்டும் இருந்தது. எங்கள் அம்மாவின் அண்ணன் துரைசாமி மாமாவுக்கோ அவர் மகன் சிபிக்கோ தெரிந்தால் என்ன ஆகும் என்பதை நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. நாலு வருடத்துக்கு முன், தங்கள் சொந்தத்தில் வேறு சாதிப் பையனோடு போன ஒரு பெண்ணைத் திருப்பி அழைத்துவந்தவர்கள் அவர்கள் இருவரும். அந்தப் பெண்ணை அதற்கப்புறம் எந்த விசேஷத்திலும் யாரும் பார்க்கவில்லை.

ஏப்ரலில் எங்கள் ஆபீஸ் மொட்டை மாடியில் சோதனைப் பலகை வைத்தோம். எந்தப் பலகையும் முதல் சில நாட்களுக்கு, அதற்கு முன்பே அறிமுகம் செய்துவைத்த ஆட்களை மட்டும்தான் அடையாளம் காணும். ஆகவே ஊழியர்கள் வீட்டிலிருந்து ஆள் கொடுக்கச் சொன்னார்கள். நான் யுகியின் பெயரைக் கொடுத்தேன். அவனிடம் கேட்டுத்தான் கொடுத்தேன். பட்டறையிலிருந்து நேராக வந்தான், கிரீஸ் படிந்த நீலச் சட்டையோடு. நான் மானிட்டர் முன்னால் இருந்தேன். அவன் எண் தொண்ணூற்று நான்கு.

ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்தான். பிறகு பக்கத்தில் வந்து குனிந்து, "அக்கா, இது எனக்கு மட்டுமா தெரியுது?" என்றான்.

"உனக்கு மட்டும்."

"அங்க நிக்கிறாரே, அவருக்கு?"

"அவருக்குப் பச்சை."

மறுபடி போய் நின்று பார்த்தான். திரும்பி வரும்போது, "இத்தனை பெருசா எனக்குன்னு யாரும் எதுவும் வெச்சதில்ல" என்றான். உடனே, "அதும் மாவாட்டற மிஷின் கம்பெனிக்காரன்" என்று சொல்லிச் சிரித்துவிட்டான்.

அவன் பெயரைப் பட்டியலிலிருந்து நான் எடுக்கவில்லை. நிஜப் பலகை ஜூன் ஒன்று மாலை, அவிநாசி சாலையில், நாங்கள் ஆறு மாதத்துக்கு முன்பே பதிவுசெய்திருந்த கல்யாண மண்டபத்துக்கு நேர் எதிரே ஒளிரப்போகிறது என்று தெரிந்தபோதும் எடுக்கவில்லை. வரவேற்பு முடியும்வரை பெண்ணின் தம்பி மண்டப வாசலில் நின்று, வருகிறவர்களுக்குப் பன்னீர் தெளிக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் அது விடாத வழக்கம். மாப்பிள்ளை வீட்டார் கடைசி ஆள் உள்ளே வரும்வரை அவன் அந்த இடத்தைவிட்டு நகரக் கூடாது. மூன்று மணி நேரம் சொந்தக்காரர்களுக்கு நடுவே சிரித்துக்கொண்டு நிற்கப்போகிறவனுக்கு, தலை நிமிர்ந்தால் அவனுக்கு மட்டும் தெரிகிற மாதிரி ஒன்று எதிரே இருக்கட்டும் என்று நினைத்தேன். அது என் கல்யாணத்தில் நான் அவனுக்குக் கொடுக்கும் பரிசு என்றும் நினைத்தேன்.

இன்னொன்றும் செய்தேன். அன்று காலைப் பேப்பரில் மாக்கல் முழுப் பக்க விளம்பரம் கொடுத்திருந்தது. இன்று மாலை முதல் எங்கள் பலகை, அன்பைப் புரிந்தவர்களுக்கு மட்டும் அன்பின் நிறங்களைக் காட்டும் என்று. அதைப் படம் எடுத்து, எங்கள் குழு செய்தது என்று பெருமையாக எழுதிக் குடும்ப வாட்ஸப் குரூப்பில் போட்டேன். துரைசாமி மாமா கட்டை விரல் போட்டார்.

ஆறரை மணிக்கு மேடை ஏறினேன். மாப்பிள்ளை பிரகதீஸ் நல்ல மனிதர், நிச்சயத்துக்குப் பிறகு நாலு முறை பேசியிருப்போம். மேடைக்கு இடப்பக்கம் பெரிய திரை. வாசலில் ஒரு கேமரா, மேடையில் ஒரு கேமரா; வீடியோக்காரர் இரண்டையும் மாற்றி மாற்றித் திரையில் விட்டுக்கொண்டிருந்தார். வாசலில் அப்பா, மாமா, சிபி, யுகி நாலு பேரும் வரிசையாக வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டையில் நின்றார்கள். யுகி கையில் வெள்ளிப் பன்னீர்ச் செம்பு. கஞ்சிச் சட்டையில் கழுத்தைத் திருப்ப முடியாமல் அவன் நின்றது எனக்கு மட்டும் தெரிந்து உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

ஆறு ஐம்பதுக்குப் பலகை ஒளிர்ந்தது. திரையில் பலகை தெரியாது, கேமரா அதற்கு முதுகு காட்டி நின்றது. எனக்குத் தெரிந்ததெல்லாம் யுகியின் சட்டை. தோளிலிருந்து இடுப்பு வரை ஆறு பட்டை. சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம், ஊதா. யாரோ அளவெடுத்துத் தீட்டியதுபோல. பக்கத்தில் நின்ற மூன்று சட்டைகளும் வெறும் வெள்ளை.

ஏன் என்று அந்த நொடியே புரிந்துவிட்டது. ஆள் அசைந்தால் படம் அறுந்துவிடக் கூடாது என்று, ஒவ்வொருவருக்கும் அனுப்பும் ஒளியை இரண்டடி அகலத்துக்கு விரித்திருந்தோம். ஆறு நிறமும் பலகையின் ஆறு உயரத்திலிருந்து வருவதால் துணியில் தனித்தனியாகப் பிரிந்து விழுகிறது. பச்சை எழுத்தில் வெளிச்சமே குறைவு, அது எதிலும் விழுவதில்லை. இரண்டு மாதம் சோதனை செய்தோமே, ஏன் யார் கண்ணிலும் படவில்லை என்றால், சோதனைக்கு வந்தவர்கள் கம்பெனி கொடுத்த கறுப்பு டி-ஷர்ட் போட்டிருந்தார்கள். யுகி மட்டும் கிரீஸ் படிந்த நீலச் சட்டையில் வந்தான், அதிலும் தெரியவில்லை. வெள்ளைச் சட்டை போட்டவன் ஒருவன் வந்திருந்தால் போதும்.

வீடியோக்காரருக்கு அந்தப் பட்டைகள் பிடித்துப்போய்விட்டன. கிட்டே போய்த் திரை நிறையக் காட்டினார். கூட்டத்தில் சிரிப்பு. "சீரியல் செட்டு ஆடுது போல" என்றாள் அம்மா. அப்போது அதை எல்லோரும் நம்பியிருப்பார்கள். இதை நான் பல நூறு தடவை யோசித்துவிட்டேன். நான் ஒன்றும் செய்யாமல் மேடையிலேயே நின்றிருந்தால், அது கடைசிவரை சீரியல் செட்டாகவே இருந்திருக்கும்.

திரையில் சத்தம் இல்லை. வாசலில் என்ன பேசினார்கள் என்பது பிற்பாடு அப்பா சொல்லித்தான் தெரியும். "மாப்ள, உம் மேல மட்டும் ஏன்டா பூசுது? தள்ளு, நான் நிக்கறேன்" என்று சிபி யுகியை நகர்த்திவிட்டு அந்த இடத்தில் நின்றிருக்கிறான். பட்டை விழவில்லை. அது யுகியோடு நகர்ந்து போயிற்று. விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. மாப்பிள்ளை வீட்டுப் பையன்கள் ரெண்டு பேர் வந்து நின்று பார்த்தார்கள். "மாமா, நீங்க வந்து நில்லுங்க" என்று அப்பாவைக் கையைப் பிடித்து இழுத்தான். அப்பா சிரித்துக்கொண்டே நின்றார். விழவில்லை. யுகி வலப்பக்கம் போனால் வலப்பக்கம், தூண் பக்கம் போனால் தூண் பக்கம். திரையில் நான் பார்த்தபோது துரைசாமி மாமா சிரிக்கவில்லை. சிபி சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்தான். என்ன தேடினான் என்று எனக்குத் தெரியும். குரூப்பில் நான் போட்டதுதான்.

புடவையில் பின் குத்துகிறது என்று சொல்லி மணமகள் அறைக்கு ஓடினேன். ஷெரின் மேடத்தை அழைத்தேன். பலகையை அணையுங்கள் என்றேன்.

"முடியாதும்மா. எதிர் ஹோட்டல் மாடியில அந்த முதலீட்டுக்காரங்க எல்லாரும் உக்காந்து பாத்துட்டு இருக்காங்க. முதல் அரை மணி நேரம். என்னாச்சு?"

சொன்னேன்.

"அவனை மட்டும் பட்டியல்லருந்து எடுத்துடுங்க மேடம்."

"ஒளிர்ந்த பிறகு நான் எடுக்க முடியாது. அவரேதான் வேண்டாம்னு சொல்லணும். நீதான அந்த விதியை எழுதினே?"

நான்தான் எழுதினேன். ஒருவருக்குத் தெரிவதை இன்னொருவர் மறைக்க முடியாது, விருப்பம் அவரவர் கையில் என்று. கூட்டத்தில் வாசித்துக் காட்டி எல்லோரும் கைதட்டிய வரி.

"அவர் போனுக்கு இப்ப ஒரு செய்தி அனுப்பறேன். வேண்டாம்னு அமுத்தச் சொல்லு. உடனே போயிடும்."

கதவுக்கு வெளியே, எல்லோரும் தேடுகிறார்கள் என்று யாரோ கூப்பிட்டார்கள். யுகியை அழைத்தேன். மூன்றாவது மணியில் எடுத்தான். நாதஸ்வரச் சத்தத்துக்கு மேல் அவன் குரல் மெதுவாக வந்தது.

"தெரியுது அக்கா. அன்னிக்கு மாடியில பாத்ததை விட நல்லா இருக்கு."

"யுகி, சட்டையைப் பாத்தியா?"

"பாத்தேன். சிபி ஆள் மாத்தி ஆள் நிக்க வெச்சுட்டிருக்கான்."

"போன்ல ஒரு செய்தி வரும். வேண்டாம்னு இருக்கும். அதை அமுத்து."

"அமுத்தினா?"

"பச்சையாயிரும்."

"எனக்குமா?"

"உனக்கும்தான். சட்டைலயும் போயிடும். யோசிக்காத, அமுத்துடா."

"சரி" என்றான்.

நான் ஓடி மேடைக்கு வந்தபோது திரையில் வாசல்தான் இருந்தது. யுகி பன்னீர்ச் செம்பை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். கட்டை விரல் அசைந்தது. சட்டையிலிருந்த ஆறு பட்டையும் ஒரே நொடியில் அணைந்தன. எதிரே சிபி நின்று, விரலையும் சட்டையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் கைப்பேசியைப் பிடுங்கவில்லை. பூவை எடுப்பதுபோல மெதுவாக யுகியின் கையிலிருந்து எடுத்தான். படித்தான். மாமாவிடம் நீட்டினான். அதில் என்ன இருந்தது என்று எனக்கு எழுத்துக்கு எழுத்து தெரியும், அந்த வாசகத்தையும் சரிபார்த்தது நான்தான். உங்கள் முடிவை மதிக்கிறோம், இனி உங்களுக்கு வானவில் காட்டப்படாது. வீடியோக்காரர் கேமராவை மாற்றினார். திரையில் என் முகம் வந்தது.

அடுத்து வாசல் திரையில் வந்தபோது பன்னீர்ச் செம்பு அப்பா கையில் இருந்தது. மூன்று பேர் நின்ற இடம் காலி. மேடையில் வரிசை வரிசையாக ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் கும்பிட வேண்டும், படம் எடுக்க வேண்டும். பன்னிரண்டு குடும்பம் வரை எண்ணினேன். பிரகதீஸ், "உங்க தம்பி எங்க போனாரு?" என்று காதருகில் கேட்டார். அவர் கேட்ட பிறகுதான் எனக்குக் கால் வந்தது. மாலையோடு மேடையிலிருந்து இறங்கி, பந்திக்குப் போகிறவர்களைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.

"உடம்பு சரியில்லைன்னு மாமா தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போயிருக்காரு கண்ணு. நீ ஏன் எறங்கி வந்தே?" என்றார் அப்பா. செம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

கார் போய் இருபது நிமிடம் ஆகியிருந்தது. யுகியின் எண்ணுக்கு அழைத்தேன். சிபிதான் எடுத்தான். "மேடைக்குப் போ அம்மிணி. இது ஆம்பளைங்க பேசிக்கறது" என்றான். பின்னால் காற்றுச் சத்தம் கேட்டது. காரின் கண்ணாடி இறங்கியிருந்தது. அதற்கு மேல் யாரும் எடுக்கவில்லை.

எட்டே முக்காலுக்குப் போலீசிலிருந்து அழைப்பு வந்தது. இரண்டாம் பந்தி நடந்துகொண்டிருந்தது. நீலாம்பூர் தாண்டிப் பைபாஸில் ஓடும் காரின் கதவைத் திறந்து யுகி அவனாகவே குதித்துவிட்டான் என்று மாமாவும் சிபியும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பின்னால் வந்த லாரி ஓட்டுநர், ஆள் விழுந்ததைத்தான் பார்த்தார், எப்படி விழுந்தான் என்று பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு பையில் அவன் துணிகளைக் கொடுத்தார்கள். அதைப் பற்றி எழுத மாட்டேன்.

கல்யாணம் நடக்கவில்லை. தீட்டு கழியட்டும் என்றார்கள். பிறகு அந்தப் பேச்சு வரவில்லை. பிரகதீஸ் மட்டும், யாரும் கேட்காமல், ஸ்டேஷனுக்குப் போய் வாசலில் கைப்பேசி கைமாறியதைத் திரையில் பார்த்தேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்த மண்டபத்தில் ஐந்நூறு பேர் அதே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையெழுத்து ஒன்றுதான். வழக்கை விபத்து என்று முடித்துவிட்டார்கள். நான் மேல்மனு போட்டிருக்கிறேன்.

பதினாறாம் நாள் முடிந்து சொந்தக்காரர்கள் போன பிறகு அப்பா பட்டறையைத் திறந்தார். நானும் கூடப் போனேன். யுகி பாதி சுற்றி வைத்திருந்த மோட்டார் ஸ்டாண்டில் அப்படியே இருந்தது. அதை எடுத்து மீதியைச் சுற்றத் தொடங்கினார். இருபது சுற்று ஆனதும் நிறுத்தினார்.

"நானும் அந்த எடத்துல நின்னேனே சாமி" என்றார். "எம் மேல விழுந்திருக்கக் கூடாதா?"

அன்றைக்குத்தான் யுகியைப் பற்றி அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பட்டியலில் பெயரைக் கொடுத்தது நான், அமுத்தச் சொன்னது நான் என்பதையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. மாமா வீட்டோடு போக்குவரத்தை அறுத்துக்கொண்டார்.

எங்கள் கம்பெனி விசாரணை நடத்தியது. அறிக்கை மூன்று பக்கம். பலகையிலிருந்து வந்த படம் அவருக்கு மட்டுமே காட்டப்பட்டது. துணியில் விழுந்தது பிரதிபலிப்பு, அது எங்கள் படம் ஆகாது. மேலும், மறைந்தவர் தாமாகவே மறுத்துவிட்டபடியால், சம்பவம் நடந்தபோது அவருக்கு வானவில் காட்டப்படவில்லை. மூன்று பக்கத்திலும் பொய் என்று ஒரு வரி கிடையாது. ஒளியின் அகலத்தைக் கண் அளவுக்குக் குறைத்துவிட்டார்கள். இனி எந்தத் துணியிலும் எதுவும் விழாது. நான் வேலையை விட்டேன்.

அடுத்த மே மாதக் கடைசியில் ஷெரின் மேடம் வீட்டுக்கு வந்தார். முதலீட்டாளர்களின் விருப்பம் என்றார். ஜூன் ஒன்று மாலை ஒரு மணி நேரம், மாக்கல் பலகையில் யுகியின் படத்தை ஆறு நிறங்களுக்கு நடுவே வைத்து அஞ்சலி செலுத்தப்போகிறார்கள், அம்மாவின் சம்மதம் வேண்டும். நான் போகச் சொல்லிவிட்டேன். அம்மா உள்ளே இருந்து வந்து, எந்தப் படம் என்று கேட்டாள். காட்டினார். பட்டறை வாசலில் நின்று யுகி சிரிக்கும் படம். அம்மா கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். "ரோட்டுல போறவங்க எம் பையனைப் பாக்கட்டும்" என்றாள். ஜூன் ஒன்று மாலை நான் கிளம்பினேன். முழங்கால் வலியால் அம்மா வரவில்லை. எனக்குப் பதிலாகவும் நீ பார்த்துவிட்டு வா என்று அனுப்பினாள்.

மண்டப வாசலில் போய் நின்றேன். அன்று அங்கே விசேஷம் எதுவும் இல்லை, இரும்புக் கேட் பூட்டியிருந்தது. ஆறு ஐம்பதுக்கு நிமிர்ந்தேன். கறுப்புப் பின்னணியில் பச்சை எழுத்து. மாக்கல், மாவு வெண்ணெய் போல். நேரமாகும் என்று நினைத்துக் காத்திருந்தேன். ஏழு மணி ஆயிற்று. பச்சை எழுத்துதான். பக்கத்தில் காலேஜ் முடித்த வயதில் ஒரு பெண், தோளில் பையோடு, வாயைப் பொத்திக்கொண்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்திருந்தது.

"என்னம்மா தெரியுது உனக்கு?" என்றேன்.

"ஒரு அண்ணா சிரிச்சுட்டு நிக்கறாருங்க. சுத்தியும் கலரா இருக்கு. அழகா இருக்காருங்க." என்னைத் திரும்பிப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியலீங்களா?"

"இல்ல."

தலை முதல் கால் வரை என்னை ஒரு தடவை பார்த்தாள். பையை முன்பக்கம் இழுத்துக்கொண்டு நாலடி தள்ளிப் போய் நின்றாள்.

அவளிடம் நான் யார் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வீட்டில் அம்மா கேட்டபோது, நன்றாக இருந்தது, பெரிதாக இருந்தது, சிரித்துக்கொண்டிருந்தான் என்று அந்தப் பெண் சொன்னதைச் சொன்னேன்.

மறுநாள் ஷெரின் மேடத்திடம் என் எண்ணைப் பார்க்கச் சொன்னேன். ஊழியர்கள் எல்லோர் பெயரும் அந்த முதல் பட்டியலிலேயே இருந்தது. பார்த்துவிட்டுச் சொன்னார். பதினொன்று.

"தப்பா இருக்கும்னு நானும் திரும்பப் பாத்தேன். தப்பில்லம்மா. ஆறு வருஷமா இந்த மாதிரிப் படம், செய்தி எது வந்தாலும் நீ அரை நொடியில தள்ளிவிட்டிருக்கே. சில சமயம் போனையே கவுத்து வெச்சிருக்கே. வெறுக்கறவங்க அப்படித்தான் செய்வாங்க. அதுக்கு வித்தியாசம் தெரியாது."

ஆமாம், செய்திருக்கிறேன். பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருக்கும்போது, கல்யாண வீடுகளில் சிபி தோளுக்குமேல் எட்டிப் பார்க்கும்போது, யாரும் எதையும் யோசித்துவிடக் கூடாது என்று, யுகிக்காக. பழக்கமாகி, தனியாக இருக்கும்போதும் விரல் தானாகவே தள்ளியிருக்கிறது.

கையால் அந்த எண்ணை மாற்ற யாராலும் முடியாது. நான் எழுதிய விதி அதற்கும் பொருந்தும். பார்த்துப் பார்த்துத்தான் அது ஏற வேண்டும், அதுவும் ஆறு வருடம் தள்ளியதற்கெல்லாம் ஈடாகும்வரை அசையாது. அதிலிருந்து தினமும் பார்க்கிறேன். ஊர்வலங்கள், கொடிகள், யார் யாருடையவோ கல்யாணப் படங்கள், ஒவ்வொன்றையும் முழுதாக நின்று பார்க்கிறேன். முடிவில் யுகியின் படங்களையும் பார்க்கிறேன். அதை அது கணக்கில் எடுப்பதில்லை என்று ஷெரின் மேடம் சொன்னார். அதற்கு அது சட்டை போட்ட ஓர் ஆளின் படம், அவ்வளவுதான்.

பார்க்கத் தொடங்கிப் பதினான்கு மாதமாகிறது. நேற்றும் கேட்டேன். பதினொன்று.